வெள்ளாற்றங்கரையில் ஒரு ஜப்பானிய வண்டி

திட்டக்குடியைப் பற்றி எழுதப் புகுவோர் வைத்தியநாத சுவாமி கோயிலையும் வெள்ளாற்றையும் இரண்டு வரிகளில் குறிப்பிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவது வழக்கம். நாம் சொல்லப் புகுவதோ அவ்வூரிலிருந்து விருத்தாசலத்திற்குச் செல்லும் சாலையையும், அச்சாலையில் 2011-ஆம் ஆண்டு முதல் நாள்தோறும் நம்மைச் சுமந்து சென்று மாலையில் வீடு சேர்க்கும் பழைய ஜப்பானிய வண்டி ஒன்றையும் பற்றி. கார் வைத்திருப்பதைப் பெருமையாகப் பேசுகிறோம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். இந்த வண்டியை இன்று விற்கப் போனால், நல்ல கறவைப் பசு ஒன்று வாங்கும் அளவுக்குக்கூடப் பணம் வராது என்று காயலான் கடைக்காரர் ஒருவர் நம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்.

நமக்கு வேலை விருத்தாசலத்தில், ஒரு பீங்கான் கூடத்தில் கணக்கெழுதும் பணி. வீடு திட்டக்குடியில். இடையே ஏறத்தாழ 30 கி.மீ. காலையில் கிழக்கு நோக்கிப் பயணம், மாலையில் மேற்கு நோக்கித் திரும்புதல். ஆகவே இரு வேளையும் கதிரவன் நம் கண்ணுக்கு நேராகவே நிற்பான். இந்தச் சாலையில் பிழைப்புக்காகப் போய் வருகிறவர்கள் அனைவருக்கும் விதிக்கப்பட்ட சிறு தண்டனை அது. பெண்ணாடம் வரை வெள்ளாறு தெற்கே எங்கோ மறைந்து கூடவே வரும். கல்வராயன் மலைப் பக்கத்து ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு வரும் வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலே ஓடுகிறது என்று சொன்னால் நம் ஊரார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இருபுறமும் கரும்பு, மக்காச்சோளம், பருத்தி. விருத்தாசலத்தை நெருங்க நெருங்கக் கரிசல் மறைந்து செம்மண் தோன்றும், முந்திரி மரங்கள் தலைகாட்டும். அறுவடைக் காலத்தில் உழவர்கள் உளுந்துச் செடியையும் எள்ளையும் வரகையும் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். பேருந்தும் லாரியும் மிதித்துச் சென்றால் கூலியில்லாமல் கதிரடிப்பு நடந்துவிடும். நமது வண்டியோ வயிறு தரைக்கு மிக அருகில் இருக்கும் பிறவி. உலர்ந்த செடி அடியில் சுற்றிக்கொண்டு, சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பற்றும். எனவே பரப்பிய கதிரைக் கண்டால் நாம் ஓரத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கம் காலியாகும்வரை காத்திருந்து சுற்றிச் செல்வோம். “ஏறிப் போங்க சார், எல்லாரும் ஏறித்தானே போறாங்க” என்று அம்மாமார் அன்போடு அழைப்பார்கள். நாம் ஏறாமல் போவதை அவர்கள் அவமரியாதையாகவே கொள்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அதற்கு என்ன செய்வது?

வண்டியின் பெயர் மிட்சுபிஷி லான்சர். 2002-ஆம் ஆண்டு உருவானது. பெயர் ஜப்பானுடையது, பிறந்த ஊர் நமது திருவள்ளூர். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசடர் காரைச் செய்துவந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், ஜப்பானியரோடு கூட்டுச் சேர்ந்து திருவள்ளூரில் ஓர் ஆலை எழுப்பி, 1998-இல் லான்சரை வெளியிட்டது. அதே ஆலையில் 2021 முதல் பிரெஞ்சு நாட்டுச் சிட்ரோயன் வண்டிகள் உருவாகின்றன. உத்தர்பாராவிலோ 2014-இல் அம்பாசடர் நின்றுபோயிற்று.

இளமையில் நாம் ஆசைப்பட்டது இந்த வண்டிக்கு அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசைப்பட்டது கூப்பே வண்டிக்கு. இரண்டே கதவுகள், பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை, பின் இருக்கை பெயரளவுக்கு மட்டும்: அதுதான் கூப்பே. அந்நாட்களில் நம் நாட்டில் அம்பாசடர், பத்மினி, சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றை விட்டால் வேறில்லை. ஹெரால்டு 1961-இல் வந்தபோது இரு கதவு வண்டிதான். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் முன்னிருக்கையை மடக்கி நுழைய வேண்டியிருந்ததாலோ என்னவோ, பின்னால் அதற்கும் நான்கு கதவு வந்துவிட்டது. வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த கார்களை இங்கே கொண்டுவரவும் சட்டம் எளிதில் இடம் தருவதில்லை. மூன்றாண்டுகளுக்கு மேல் வயதான வண்டிக்கு அனுமதி கிடையாது. ஆகவே ஜப்பானியரின் பழைய கூப்பே வண்டிகள் இலங்கைத் தமிழருக்கோ கனடாவிலுள்ள நம் உறவினருக்கோ கிட்டலாம், திட்டக்குடிக்காரருக்குக் கிட்டுவது அரிது.

அந்த ஆசைக்கு வித்திட்டவர்கள் இருவர். இருவருமே இந்திய வழிவந்து ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் சஃபாரி ராலி என்றொரு பந்தயம் உண்டு. சேறும் புழுதியும் ஆறும் கடந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டும். 1973-இல் அதை வென்றவர் உகாண்டாவில் பிறந்த சேகர் மேத்தா. அவர் ஓட்டியது டாட்சன் 240 இசட் என்னும் அசல் ஜப்பானியக் கூப்பே. முந்தைய ஆண்டுதான் இடி அமீனின் ஆணையால் ஆசிய மக்கள் உகாண்டாவை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தனர். நாடிழந்தவர் வென்ற பந்தயம் அது. 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறையும் வென்று மொத்தம் ஐந்து வெற்றிகளை அவர் பெற்றார். அடுத்தவர் கென்யாவில் பிறந்த சீக்கியர் ஜோகிந்தர் சிங். 1974-இலும் 1976-இலும் இவர் வென்றது இரு கதவு கொண்ட லான்சர் 1600 வண்டியில். 1973-இல் பிறந்த லான்சருக்கு உலகம் முழுவதும் பெயர் தேடித் தந்தவர் தலைப்பாகை அணிந்த இவர்தான் என்றால் மிகையாகாது. பஞ்சாபியர் ஒருவர் ஓட்டிப் புகழ்பெற்ற ஜப்பானியப் பெயர் பின்னாளில் திருவள்ளூரில் பொறிக்கப்பட்டு நம் வாசலில் வந்து நிற்பதை எண்ணும்போது, உலகம் சிறியது என்றே தோன்றுகிறது.

1998-ஆம் ஆண்டுச் செய்தியையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் லான்சர் வெளிவந்த அதே ஆண்டில் பின்லாந்துக்காரர் டாமி மாக்கினென் லான்சர் எவல்யூஷன் வண்டியில் உலக ராலிப் பட்டத்தை மூன்றாம் முறையாக வென்றார். ஆண்டின் கடைசிப் பந்தயத்தில் முதல்நாளே சக்கரம் இழந்து ஒதுங்கிவிட்டார் அவர். பட்டம் ஸ்பெயின் நாட்டுக் கார்லோஸ் சாய்ன்ஸுக்கு என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தனர். கடைசிக் கட்டத்தின் எல்லைக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது சாய்ன்ஸின் டொயோட்டா எஞ்சின் நின்றுபோயிற்று. மூட்டை கட்டிக்கொண்டிருந்தவருக்குப் பட்டம். அந்த வண்டியின் உடற்கூடும் நமது வண்டியின் உடற்கூடும் ஒரே குடும்பம்தான். ஆனால் அதற்கு எஞ்சின் இரண்டு லிட்டர், அதோடு காற்றழுத்தும் டர்போ. நமக்கோ 1468 கன சென்டிமீட்டர், குதிரைத் திறன் 85 அளவில். உறவு கொண்டாடலாம், சொத்தில் பங்கு கேட்க முடியாது.

ஆயினும் இதை ஓட்டுவதில் உள்ள இன்பத்தைச் சொல்லாமல் விட்டால் உண்மையை மறைத்தவராவோம். இருக்கை தாழ்வு. கால்களை நீட்டி, சாலையோடு சாலையாக அமர்ந்திருப்போம். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு உத்திரத்தில் பிணைக்கப்படாமல் தனித்தனியே அசையும் அமைப்பு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மற்றது தன் இடத்தில் நிற்கும். அதனால் வளைவுகளில் வண்டி அலைபாயாது. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில், வீரமாமுனிவர் கட்டிய கோனான்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயத்துக்கு ஆண்டுதோறும் குடும்பத்தோடு போகிறோம். விடியற்காலையில் சாலை காலியாக இருக்கும். ஐந்தாம் கியரில் எஞ்சின் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டு போகும்போது, பின்னால் மகள் உறங்கிவிடுவாள். கியர்க் கம்பி கைக்குள் ‘டக்’கென்று விழும் அந்தச் சிறு ஓசைக்காகவே தேவையின்றி ஒரு முறை கியர் மாற்றியதுண்டு. துணைவியார் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஊர்தோறும் எழுப்பியிருக்கும் வேகத்தடைகள்தாம் இந்த வண்டிக்குச் சோதனை. அடையாளக் கோடு இல்லாத தடைகளை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். இன்ன வேப்பமரத்திற்கு அப்பால் ஒன்று, இன்ன தேநீர்க் கடைக்கு முன்னால் இரண்டு. நேரே ஏறினால் வயிறு இடிக்கும். சற்றுச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் வருகிறவர் ஒலி எழுப்பித் திட்டுவார். திட்டட்டும்.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் அருகிலேயே கிடைப்பதால், அறுபதுகளில் அரசு இங்கே பீங்கான் தொழிலை ஊன்றியது. மின் ஃபியூஸ் கட்டைகள், சிறு பொம்மைகள், அகல்கள், ஜாடிகள் என்று சூளைகள் பலவற்றைத் தருகின்றன. நாம் வேலை செய்யும் கூடத்தில் சூளை பார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் வண்டியின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி மேசை மீது வைத்திருந்தோம். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நம்ம பொருள் இல்லீங்களா ஐயா?” என்றார்.

உண்மைதான். பிளக்கின் வெண்மையான உடம்பு பீங்கான் குலத்தைச் சேர்ந்தது. களிமண்ணுக்கு மாறாக அலுமினா என்னும் அலுமினிய ஆக்சைடைச் செய்பொருளாகக் கொண்டு, நம் சூளைகளைவிடப் பல நூறு பாகை மிகுந்த வெப்பத்தில், சுமார் 1600 செல்சியஸில் சுட்டெடுப்பார்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் உடம்பை விட்டுப் பாயாமல் காப்பதும், நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் தீயில் நனைந்தும் வெடிக்காமல் நிற்பதும் அதன் வேலை. முதியவர் அதன் நுனியைப் பார்த்துவிட்டு, “மூணு நல்லா வெந்திருக்கு, ஒண்ணு மட்டும் புகை பிடிச்சிருக்கு” என்றார். இளம்பழுப்பு நிறம் இருந்தால் எரிதல் சரி, கருத்திருந்தால் எரிபொருள் மிகுதி, வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு மிகுதி என்பது மெக்கானிக்குகளின் பாடம். காரே ஓட்டாத மனிதர் சூளை அனுபவத்தில் அதைப் படித்துவிட்டார். நான்காம் சிலிண்டரில் கோளாறு இருந்தது பிறகு தெரிந்தது.

உதிரிப் பாகங்களுக்குத்தான் அலைச்சல். சில பொருள்கள் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாகவே கிடைக்கும். கிடைக்காதவற்றுக்குப் புதுப்பேட்டை. பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் அத்தெருக்களில் நுழைந்தால், கதவுகள் ஒரு சுவராகவும் விளக்குக் கண்கள் ஒரு குவியலாகவும் கிடக்கும். தொழுதூர் சென்று நெடுஞ்சாலையைப் பிடித்து, வேப்பூர், உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் வழியாகப் போய், ஒரு கதவுக் கைப்பிடிக்காக ஒரு நாள் முழுவதையும் செலவிட்டிருக்கிறோம். அந்தக் கைப்பிடி பச்சை வண்டியினுடையது. நமது வண்டி வெள்ளி நிறம். இன்றும் இடது பின்கதவில் பச்சைக் கைப்பிடிதான் இருக்கிறது.

இனி, நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சென்ற ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. துணைவியாரும் மகளும் வண்டியில் இருந்தனர். பெண்ணாடம் கடந்து இறையூரை நெருங்கும்போது துணைவியார், “என்னங்க, பெட்ரோல் வாசனை வருது” என்றார். முன்னே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சென்றது. அதன் புகையாக இருக்கும் என்றோம். அரைக் கிலோமீட்டர் சென்றபின் அவர் மறுபடியும், “இது நம்ம வண்டிதான்” என்றார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, ஓடிய வேகத்திலேயே ஓரங்கட்டி, இருவரையும் இறக்கிப் புளிய மரத்தடிக்கு அனுப்பிவிட்டு பானெட்டைத் திறந்தோம். எரிபொருளைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரப்பர் குழாய் வெடித்து, சூடான எஞ்சினுக்கு ஒரு சாண் தொலைவில் பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது. இத்தகைய வண்டிகளில் எரிபொருளைத் தொட்டிக்குள் இருக்கும் மின்சாரப் பம்பு அழுத்தித் தள்ளுகிறது. சாவியை அணைத்தால் பம்பும் நிற்கும். இன்னும் ஒரு கிலோமீட்டர் பிடிவாதமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றிரவு படுக்கையில்தான் எண்ணிப் பார்த்தோம். உறக்கம் வரவில்லை.

குழாயைக் கழற்றிய மெக்கானிக் அண்ணன் அதை வளைத்துக் காட்டினார். வறண்ட ஏரிப் படுகை போல வெடிப்புகள். இருபது ஆண்டுகளைத் தாண்டிய ரப்பர் எப்படியும் வெடிக்கும். அத்தோடு இப்போதைய பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 2025 முதல் நாடெங்கும் பெட்ரோல் பங்குகளில் இதுவே வழக்கமாகிவிட்டது. 2023-க்குப் பின் வந்த வண்டிகளில் இதைத் தாங்கும் குழாய்களும் வளையங்களும் உள்ளன. நமது வண்டி பிறந்த காலத்தில் அந்த எண்ணமே இல்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து இளக்கும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். ஆகவே நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால் தொட்டியில் நீர் சேரும். பழைய வண்டியை நாள்தோறும் ஓட்டுவதே அதற்கு நல்லது என்பதும் இதனால் விளங்கும். எத்தனால் எதிலிருந்து வருகிறது? கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும். நாம் நாள்தோறும் இருபுறமும் பார்த்துக்கொண்டு போகும் அதே பயிர்கள். உழவனுக்கு விலை கிடைக்கிறது என்றால் நாம் முணுமுணுப்பது முறையன்று. ஆயினும் குழாயைப் பறிகொடுத்தவன் அதை எண்ணிப் பெருமூச்சு விடுவதைத் தடுக்க முடியாது.

வீட்டில் பேச்சு எழுந்தது. துணைவியார் குரலை உயர்த்தவில்லை, அதுதான் கடினம். மாமியாருக்கு முழங்கால் வலி. இந்தத் தாழ்ந்த வண்டியில் ஏறி இறங்க அவர் படும் பாட்டைப் பல ஆண்டுகளாகப் பொறுத்திருக்கிறார். வெயில் காலத்தில் குளிர்சாதனம் பாதி வழியில் ஓய்ந்துபோவதையும் பொறுத்திருக்கிறார். “அதெல்லாம் செலவு, அசௌகரியம். பிள்ளையை வச்சுக்கிட்டு தீ பிடிக்கிற விஷயம் வேற” என்றார். இதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஓட்டும் இன்பம் நமக்கு, ஆபத்து மூவருக்கும் என்று அவர் சொல்லாமல் விட்டதும் நமக்குக் கேட்டது.

காகிதக் கணக்கும் நம் பக்கம் இல்லை. பதிவு பதினைந்தாண்டுக்கு. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2017-இல் அறுநூறு ரூபாய்க் கட்டணத்தில் முடிந்தது. 2022 ஏப்ரல் முதல் அது ஐயாயிரம். இருபதாண்டு கடந்த கார்களுக்குப் பதினாயிரம் என்று 2025-இல் உயர்த்திவிட்டார்கள். நமது அடுத்த தவணை 2027. தில்லியில் இந்த வயதுப் பெட்ரோல் வண்டிகள் ஓடவே தடை உண்டு. நம் மாநிலத்தில் தகுதி இருந்தால் ஓடலாம்.

இறுதியில் உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. தொட்டியிலிருந்து எஞ்சின்வரை உள்ள ரப்பர்க் குழாய், வளையம், கிளிப்பு அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது. கையடக்கத் தீயணைப்பான் ஒன்றை ஓட்டுநர் இருக்கையின் கீழ் பொருத்துவது. அதன்பின் ஒரு மாதம் நாம் மட்டும் ஓட்டிப் பார்ப்பது, அதுவரை அவர்கள் பேருந்தில் செல்வது. மெக்கானிக் அண்ணன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். டைமிங் பெல்ட்டும் தவணை கடந்துவிட்டதைக் கண்டு அதையும் மாற்றினார். பெல்ட் அறுந்தால் எஞ்சின் நடுவழியில் நின்றுவிடும். நாம் கொடுத்த தொகை, துணைவியாரிடம் சொன்ன தொகையைவிடச் சற்று அதிகம். இதை அவர் இந்த இதழில் படித்துத்தான் அறிவார்.

அந்த ஒரு மாதம் தனியே ஓட்டினோம். காலையில் நாம் புறப்படும்போது அவர்கள் இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பார்கள். மகள் கையசைப்பாள். காலியாக உள்ள மூன்று இருக்கைகளோடு அவர்களைக் கடந்து செல்வது, சொல்லப்போனால், மிகவும் வெட்கமாக இருந்தது. கியர் மாற்றும் ஓசையில்கூட இன்பம் இல்லை. நாள்தோறும் மாலை பானெட்டைத் திறந்து விரலால் குழாய்களைத் தடவிப் பார்த்து, உலர்ந்திருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தோம்.

முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கீழ்ச்செருவாய் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நிரம்பியிருப்பதாகச் செய்தி. 1923-இல் முடிக்கப்பட்டு, அப்போதைய சென்னை ஆளுநர் வில்லிங்டன் பிரபுவின் பெயர் சூட்டப்பட்ட ஏரி அது. நம் மக்கள் வாயில் நெப்போலியனை வென்ற வெலிங்டனாகிவிட்டது. மகளுக்கு அதைப் பார்க்க வேண்டுமாம். வண்டி வாசலில் நின்றது. குறிப்பேட்டை எடுத்து நீட்டினோம். துணைவியார் அதை வாங்கவில்லை. நேரே வந்து முன்கதவைத் திறந்து, அமராமல், குனிந்து தலையை மட்டும் உள்ளே நீட்டிச் சற்று நேரம் மோப்பம் பிடித்தார். பிறகு பின்பக்கம் போய் பச்சைக் கைப்பிடியைப் பிடித்துத் திறந்து, மகளை முதலில் ஏற்றினார். தானும் முன்னிருக்கையில் அமர்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, “மெதுவா போங்க” என்றார்.